எட்டாவது மாதத்தில் ஊக்கம் எங்கே போகிறது?

தம்பி, ஸ்டார்ட்அப் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது, இப்போதெல்லாம் லேப்டாப்பைத் திறக்கவே மனம் வரவில்லை, நான் இதற்கு லாயக்கில்லையோ என்று கேட்டிருக்கிறாய். லாயக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆப்பை வெளியிட்ட முதல் வாரம் தெரிந்தவர்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்ப்பார்கள், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் கிராஃப் ஏறும். அப்புறம் அது படுத்துவிடும், நீயோ காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, தூங்கப்போகும் முன் ஒரு தடவை என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். யாராக இருந்தாலும் சோர்ந்துதான் போவார்கள்.

வீட்டையோ அறையையோ பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தைத் தொடங்கியவர்கள் 2008-இல் கையில் காசில்லாமல், அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் பெயரில் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் தானிய உணவுப் பெட்டிகளைத் தலா 40 டாலருக்கு விற்று, ஏறக்குறைய 30,000 டாலர் திரட்டினார்கள். எல்லாரும் சொல்லும் கதை இது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த வருடம் நடந்ததுதான்: நியூயார்க்குக்கே போய், வீடு வாடகைக்கு விட்டவர்களின் கதவைத் தட்டி, நல்ல கேமராவில் தாங்களே படம் எடுத்துக் கொடுத்தார்கள். வருமானம் அசைய ஆரம்பித்ததும் அப்போதுதான்.

நீயும் இந்த வாரம் கிராஃபை மூடிவிட்டு, உன் ஆப்பைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நிறுத்திய ஐந்து பேரிடம் பேசு. ஆப்பைப் புகழ்ந்து விற்க முயலாதே. கடைசியாக எப்போது திறந்தீர்கள், அந்த வேலையை இப்போது எப்படிச் செய்கிறீர்கள் என்று மட்டும் கேள், சொன்ன வார்த்தையை அப்படியே நோட்டில் எழுது. "ரெண்டாவது ஸ்கிரீன்லயே ஃபோன் நம்பர் கேட்டீங்க, அதோட விட்டுட்டேன்" என்று ஒருவர் சொன்னால் போதும், மறுநாள் லேப்டாப்பைத் திறக்க உன்னை யாரும் தட்டியெழுப்ப வேண்டியிருக்காது.

இன்னொன்று, காசு எத்தனை மாதத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டு, எந்தத் தேதியில் நிலைமையைப் பார்த்து முடிவெடுப்பாய் என்பதை வீட்டில் சொல்லிவிடு. தேதி இல்லாததால்தான் அம்மா தினமும் கேட்கிறார்கள், நீயும் தினமும் உன்னையே கேட்டுக்கொள்கிறாய். அந்தத் தேதியில் மூட வேண்டி வந்தாலும் உழைப்பு வீணாகாது. கிளிட்ச் என்ற ஆன்லைன் கேமை 2012-இல் மூடிய குழு, தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கியிருந்த கருவியை வைத்துத்தான், அலுவலகக் குழுக்கள் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும் ஸ்லாக் ஆப்பைக் கட்டியது.

ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருப்பதை மட்டும் நிறுத்திவிடு, தூக்கமில்லாத மனதுக்கு எல்லாமே தோல்வியாகத்தான் தெரியும். ஐந்து பேரிடம் பேசி முடித்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து பார்ப்போம்.