எடின்பரோவில் ஒரு நாள்

கேள்வி: ஜூலையில் கிளாஸ்கோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். ஒரு நாள் எடின்பரோ பார்க்கத் திட்டம். கூட வரும் அத்தைக்கு மூட்டுவலி, பேரனுக்கு ஆறு வயது. எதைப் பார்க்க, எதை விட?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எடின்பரோ வேவர்லி நிலையம். அங்கிருந்து கோட்டைக்கு ஏற்றம், அதனால் அத்தையை நடக்க விடாமல் டாக்ஸியில் கூட்டிப் போங்கள். கோட்டைக்கு டிக்கெட்டை மகனிடம் சொல்லி முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்து வையுங்கள், ஜூலைக் கூட்டத்தில் அங்கே போய் நிற்பது வீண். மதியம் சரியாக 1 மணிக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள். கடலில் நிற்கும் கப்பல்களுக்கு நேரம் தெரிவிக்க 1861இல் தொடங்கிய வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கிழமை பார்த்துப் போங்கள். பேரனிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அலறிவிடுவான்!

அப்புறம் ராயல் மைல். கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை இறக்கம்தான், ஆனால் கல் பாவிய தெரு, முட்டிக்கு ஆகாது. வழியிலுள்ள செயின்ட் கைல்ஸ் தேவாலயம் வரை போதும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம், நுழைவு இலவசம், லிஃப்ட் உண்டு. குளோனிங்கில் பிறந்த டாலி ஆடு அங்கேதான் பாடம் செய்து நிற்கிறது. ஆர்தர்ஸ் சீட் மலையை (251 மீட்டர்) இந்த முறை விட்டுவிடலாம்.

ஜூலையிலும் பகலில் 19 டிகிரி பக்கம்தான். குற்றாலச் சாரல் போல மழை வந்து வந்து போகும், காற்றில் குடை நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு எல்லோருக்கும் வேண்டும்.