ஹெபடைடிஸ் பி: ரிப்போர்ட்டில் 'ஜீனோடைப் சி' என்று வந்தால் என்ன அர்த்தம்?

கேள்வி: எனக்கு வயது 31. ஹெபடைடிஸ் பி இருப்பது சில வருடங்களாகத் தெரியும். இப்போது எடுத்த பரிசோதனையில் 'ஜீனோடைப் சி' என்று வந்திருக்கிறது. என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கும் ஹெபடைடிஸ் பி உண்டு. அவருக்கு 'டி' வகை. இருவரும் ஒரே நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். அவருக்கு இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்றார்கள், எனக்கு மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள். என்னுடையது மோசமான வகையா? அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறேன். குழந்தைக்குப் போடும் தடுப்பூசி இந்த வகைக்கும் வேலை செய்யுமா?

பதில்: முதலில் ஒரு விஷயம். ஜீனோடைப் சி வேறு, ஹெபடைடிஸ் சி வேறு. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "எனக்கு சி-யும் வந்துவிட்டதா?" என்று பயப்படுகிறவர்கள் பலர். உங்களுக்கு இருப்பது ஹெபடைடிஸ் பி மட்டுமே. அந்த வைரஸுக்குள் இருக்கும் கிளைகளில் ஒன்றின் பெயர்தான் சி.

கிளைகள் எப்படி வந்தன? இந்த வைரஸின் மரபணுத் தொகுதி மிகச் சிறியது, ஏறத்தாழ 3,200 எழுத்துகள்தான். அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. அதனால் தலைமுறை தலைமுறையாகச் சிறு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். முழு மரபணுவில் சுமார் 8 சதவீதமோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால் அதைத் தனி வகையாகக் கணக்கில் எடுக்கிறார்கள். ஏ முதல் எச் வரை எட்டு வகைகள் உறுதியானவை. ஐ, ஜே என்று இன்னும் இரண்டு முன்மொழியப்பட்டிருக்கின்றன.

பி-யும் சி-யும் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் அதிகம். டி வகை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து தெற்காசியா வரை பரவியிருக்கிறது. ஈ மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது, எஃப் அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகளிடம் காணப்படுவது. ஆனால் இந்த எல்லைகள் நாட்டு எல்லைகளோடு பொருந்தி நிற்பதில்லை. ஜப்பானில் பெரும்பாலானவர்களுக்கு சி வகை. ஆனால் ஒகினாவா தீவுகளில் பி வகைதான் அதிகம். சீனாவின் திபெத்தியப் பகுதிகளில் சி-யும் டி-யும் கலந்து உருவான வைரஸே பரவலாக இருக்கிறது. ஆகவே, ஒரே நாட்டில் பிறந்த உங்கள் இருவருக்கும் வெவ்வேறு வகை இருப்பதில் வியப்பில்லை. வைரஸ் எந்த நிலத்தில் இருக்கிறது என்பதைவிட, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி வந்தது என்பதையே இந்த எழுத்து அதிகம் சொல்கிறது. பல குடும்பங்களில் அது தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்ததாக இருக்கும்.

சரி, சி மோசமானதா? இதற்கு நல்ல பதில் தருவது அலாஸ்காவின் பூர்வகுடி மக்களிடம் பல ஆண்டுகளாக நடந்த கண்காணிப்பு. அந்தச் சிறிய மக்கள்தொகைக்குள்ளேயே ஏ, பி, சி, டி, எஃப் என்று ஐந்து வகைகள் உண்டு. வைரஸ் வேகமாகப் பெருகும் காலத்தில் ரத்தத்தில் 'இ-ஆன்டிஜன்' என்ற புரதம் தென்படும். சி தவிர மற்ற நான்கு வகைகளில், பாதிப் பேருக்கு அது 20 வயதுக்கு முன்பே மறைந்துவிட்டது. சி வகையில் பாதிப் பேருக்கு மறைய 40 வயதையும் தாண்ட வேண்டியிருந்தது. அதாவது, சி வகை உள்ள பெண்களுக்குக் குழந்தை பெறும் வயது முழுவதும் வைரஸ் அதிக அளவில் இருக்க வாய்ப்பு உண்டு. இந்த வகை தாய்வழியே தலைமுறை தாண்டி நிலைப்பதற்கு இதை முக்கியக் காரணமாகப் பார்க்கிறார்கள். நீண்ட காலம் வைரஸ் பெருகுவதால் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வரும் அபாயம் பி வகையைவிட சி-யில் கூடுதல் என்பதும் உண்மைதான். அதே அலாஸ்காவில் எஃப் வகை இளம் வயதிலேயே புற்றுநோயோடு தொடர்புபட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் உங்களுக்கு மாத்திரை தொடங்கச் சொன்னது இந்த எழுத்தை மட்டும் வைத்து இருக்காது. ரத்தத்தில் வைரஸின் அளவு, எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) எண், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது, வயது, குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் வந்திருக்கிறதா என்பவைதான் அந்த முடிவைத் தீர்மானிக்கும். உங்கள் சக ஊழியரின் எண்கள் வேறாக இருந்திருக்கும். டி வகை உள்ள எல்லோருக்கும் மருந்து தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். டி-யில் இ-ஆன்டிஜன் இல்லாமலேயே வைரஸ் பெருகிக் கல்லீரலைக் கெடுப்பது அடிக்கடி நடக்கும். "இ-ஆன்டிஜன் நெகட்டிவ், கவலையில்லை" என்று பரிசோதனையை விட்டுவிடுபவர்களை நினைத்தால்தான் எனக்கு உண்மையில் கவலை.

மருந்தைப் பொறுத்தவரை டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் எல்லா வகைகளையும் ஒரேபோலக் கட்டுப்படுத்தும். உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி கொடுக்க யோசிக்கும்போதுதான் வகை முக்கியமாகிறது. ஏ வகை அதற்கு நன்றாகப் பலன் தரும், டி மிகக் குறைவாக. இன்டர்ஃபெரான் பேச்சே இல்லாதபோது இந்தப் பரிசோதனையை மீண்டும் மீண்டும் எடுப்பதில் பயனில்லை. சாதாரணமாக வகை மாறாது. அந்தச் செலவை வைரஸ் அளவு பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குழந்தை. இதை இப்போதே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் எந்த மாத்திரை என்பது இதைப் பொறுத்து மாறும். கர்ப்ப காலத்துக்கு அதிகம் பயன்படுத்திப் பழகியது டெனோஃபோவிர். என்டெகாவிரை அந்தக் காலத்தில் தவிர்ப்பார்கள். மாத்திரையை நீங்களாகவே நடுவில் நிறுத்துவது ஆபத்து. நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரென்று பொங்கக்கூடும். வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 2,00,000 யூனிட்டுக்கு மேல் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு, வேறு காரணத்துக்காக மருந்து தேவைப்படாவிட்டாலும், குழந்தையைக் காப்பாற்ற டெனோஃபோவிர் தரப்படுகிறது.

தடுப்பூசி பற்றிய உங்கள் பயத்துக்கு இடமில்லை. பரவலாகப் பயன்படும் தடுப்பூசிகள் பெரும்பாலும் ஏ வகையின் மேற்புரதத்திலிருந்து செய்யப்பட்டவைதான். ஆனால் நம் உடலின் எதிர்ப்பு முக்கியமாக அந்தப் புரதத்தில் எல்லா வகைகளுக்கும் பொதுவான ஒரு பகுதியைக் குறிவைக்கிறது. தைவானில் பி, சி வகைகள்தான் பெரும்பான்மை. அங்கே 1984இல் தேசிய அளவில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அப்போது சுமார் பத்துக் குழந்தைகளில் ஒருவருக்கு இருந்த தொற்று, பதினைந்து ஆண்டுகளில் 1 சதவீதத்துக்கும் கீழே வந்தது. குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோயும் குறைந்தது.

வகையைவிட நேரம்தான் இதில் பெரிது. பிறந்த வேளையில் தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்டதாகிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே அப்படி ஆகும். அதனால் முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், கூடவே இம்யூனோகுளோபுலின் (வைரஸுக்கு எதிரான தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) ஊசியும் கிடைத்தால் நல்லது. இதைப் பிரசவத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், பிரசவம் இரவிலோ விடுமுறை நாளிலோ நடந்தாலும் ஊசி தள்ளிப்போகக் கூடாது. தாய்ப்பால் கொடுக்கலாம். மீதி ஊசிகளையும் முடித்த பிறகு, குழந்தைக்கு 9 முதல் 12 மாதம் ஆகும்போது ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தால், தொற்று இல்லை, பாதுகாப்பு உருவாகிவிட்டது என்று இரண்டையும் தெரிந்துகொள்ளலாம். அப்புறம், உங்கள் அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் இதுவரை பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்றால் அவர்களையும் உடனே அழைத்துப் போங்கள்.