மகள் பத்திரிகை ஆசிரியராக விரும்புகிறாள்: திருப்பூர்த் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

சென்ற சனிக்கிழமை மேற்படிப்பு ஆலோசனைக்காக மகளோடு வந்திருந்தபோது, அவள் படியிறங்கிப் போன பிறகு வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள். ஃபேஷன் பத்திரிகைக்கு ஆசிரியராக இருப்பது ஒரு வேலையா, இல்லை பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு வாய்க்கும் பட்டமா என்பது அந்தக் கேள்வி. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த மகளை வணிகவியல் படிக்க வைத்து, பனியன் கம்பெனியை அவளிடம் ஒப்படைக்க நினைத்திருந்த ஒருவருக்கு அது நியாயமான சந்தேகமே. நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் மகளின் அலைபேசித் திரையில், அமெரிக்காவின் வோக் என்ற ஃபேஷன் இதழுக்கு நெடுங்காலம் தலைமை ஆசிரியராக இருந்த அன்னா வின்டூரின் படம் இருக்கிறது. நெற்றியை மறைக்கும் குட்டை முடி, கறுப்புக் கண்ணாடி, ஆடை அணிவகுப்பில் முதல் வரிசை இருக்கை. "அவர் கல்லூரிக்கே போகவில்லை சார்" என்று அவள் என்னிடம் சொன்னபோது உங்கள் முகம் வாடியதைக் கவனித்தேன். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. அன்னாவின் தந்தை சார்லஸ் வின்டூர் 1959 முதல் 1976 வரை லண்டனின் ஈவ்னிங் ஸ்டாண்டர்டு நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். பத்திரிகை எப்படித் தயாராகிறது என்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பெண் கல்லூரியைத் தவிர்த்ததும், நம் ஊர்ப் பெண் தவிர்ப்பதும் ஒன்றாகாது. இதை மகளிடம் கண்டிப்பாகவே சொல்லிவிடுங்கள், நானும் சொல்கிறேன்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தந்தையால் மட்டும் அன்னா ஆசிரியராகிவிடவில்லை. 1970இல் லண்டனில் ஹார்ப்பர்ஸ் அண்ட் குயின் இதழில் உதவியாளராகச் சேர்ந்தவர், 1975இல் நியூயார்க் போய் ஹார்ப்பர்ஸ் பஜாரில் இளநிலைப் பொறுப்பில் அமர்ந்தார். ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் வேலையை இழந்தார். அடுத்துச் சேர்ந்த விவா என்ற இதழே மூடப்பட்டது. பிறகு சாவ்வி (Savvy) என்ற அமெரிக்க இதழ், 1981இல் நியூயார்க் வார இதழ், 1983இல் வோக் இதழின் படைப்பாக்கப் பொறுப்பு, பிரிட்டிஷ் வோக், வீட்டு அலங்கார இதழான ஹவுஸ் அண்ட் கார்டன் என்று மாறி மாறி வந்து, 1988இல்தான் அமெரிக்க வோக் இதழின் தலைமை ஆசிரியரானார். முதல் வேலைக்கும் அந்த நாற்காலிக்கும் இடையில் பதினெட்டு ஆண்டுகள். உங்கள் மகள் அலைபேசியில் பார்ப்பது பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிந்தைய படத்தை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் செய்த முதல் காரியம் என்ன என்று பார்த்தால் இந்த வேலையின் தன்மை புரியும். 1988 நவம்பர் இதழின் அட்டையில் மிக்கேலா பெர்க்கு என்ற இளம் மாடல் தெருவில் நின்று சிரிக்கிறார். கண்கள் பாதி மூடியிருக்கின்றன. காற்றில் முடி கலைந்திருக்கிறது. மேலே கிறிஸ்தியன் லக்ருவா வடிவமைத்த, கல் பதித்த விலையுயர்ந்த சட்டை. கீழே ஐம்பது டாலர் ஜீன்ஸ். சட்டைக்கு இணையான பாவாடை அவருக்குச் சரியாகப் பொருந்தாததால்தான் ஜீன்ஸ் வந்தது. அட்டைக்கென்று எடுத்த படமும் அல்ல அது. அதுவரை படப்பிடிப்பு அரங்கத்துக்குள் நெருக்கமாக எடுத்த, ஒப்பனை கலையாத முகங்களையே அட்டையில் அச்சிட்டுப் பழகியிருந்த அச்சகத்திலிருந்து, இது தவறி வந்த படமா என்று தொலைபேசியில் கேட்டார்கள். படத்தை எடுத்தவர் பீட்டர் லிண்ட்பெர்க். ஆடையைச் சேர்த்தவர் வேறொருவர். ஆசிரியர் செய்தது, குவிந்து கிடந்த படங்களில் இதுதான் என்று விரல் வைத்ததும், அச்சகத்திலிருந்து கேள்வி வந்த பிறகும் அந்த விரலை எடுக்காமல் இருந்ததும்தான். விற்காமல் போயிருந்தால் பழி முழுவதும் அவர் ஒருவர்மேலேயே விழுந்திருக்கும்.

அன்றாட வேலை இத்தனை சுவையானது அல்ல. இதழ் கடைக்கு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே எந்தப் பக்கத்தில் எது என்று திட்டமிட வேண்டும். நீங்கள் குளிர்கால ஆர்டரைக் கோடையில் தைப்பது போலத்தான். கட்டுரைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும், தலைப்பு வைக்க வேண்டும், ப்ரூஃப் பார்க்க வேண்டும், புகைப்படக்காரரிடம் செலவுக் கணக்குக் கேட்க வேண்டும். இவற்றோடு விளம்பரப் பிரிவோடும் பேச வேண்டும். வோக் இதழின் 2012 செப்டம்பர் இதழ் 916 பக்கம் வந்தது. அதில் பெரும்பகுதி விளம்பரம். வாசகர் கடையில் கொடுக்கும் விலையில் அத்தனை பக்கங்களை அச்சிட முடியாது என்பது கணக்குத் தெரிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பணம் தருகிற நிறுவனத்தின் ஆடையைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்வதற்கும், அதற்காக வாசகரிடம் பொய் சொல்லாமல் இருப்பதற்கும் இடையில் நடக்கத் தெரிந்தவரே இந்தத் துறையில் நிலைக்கிறார்.

இனி அந்தக் கறுப்புக் கண்ணாடி. இத்தகைய ஆசிரியரின் பொது முகம் அவருடைய சொந்தச் சொத்து அல்ல; நிறுவனத்தின் வியாபாரத்தில் ஒரு பங்கு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஆடைப் பிரிவுக்கு நிதி திரட்டும் மெட் காலா விருந்தை வின்டூர் 1995 முதல் முன்னின்று நடத்தத் தொடங்கினார். 2014இல் அந்தப் பிரிவு இயங்கும் இடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2017இல் பிரிட்டிஷ் அரசு டேம் என்ற உயர் கௌரவப் பட்டம் அளித்தது. புகழ் வந்த அதே வழியில் கல்லடியும் வந்தது. விலங்குத் தோலாடைகளை ஆதரித்ததற்காக விலங்குரிமை இயக்கத்தினர் பல ஆண்டுகள் அவரைக் குறிவைத்தார்கள். 2020 ஜூனில், கறுப்பினத்தவருக்குத் தம் இதழில் போதிய இடம் தரவில்லை என்று ஒப்புக்கொண்டு ஊழியர்களுக்கு எழுத வேண்டிவந்தது. மகளின் இன்ஸ்டாகிராம் கணக்கை மூடச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஆனால் அதில் அவள் முகம் எத்தனை முறை வருகிறது, அவள் கவனித்த ஒரு விஷயம் எத்தனை முறை வருகிறது என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தானா என்ற உங்கள் சந்தேகத்தை நான் மறைத்துப் பேச மாட்டேன். 2025 ஜூனில் வின்டூர் அமெரிக்க வோக் இதழின் தலைமை ஆசிரியர் பொறுப்பை விட்டு விலகுவதாக அறிவித்தார். அந்த இடத்துக்கு வந்த குளோயி மால், நடிகை கேண்டிஸ் பெர்கனின் மகள். 2011இலேயே அங்கு வேலைக்குச் சேர்ந்து, இதழின் இணையதளத்தை நடத்தியவர். அவருக்குத் தலைமை ஆசிரியர் என்ற பெயர்கூட இல்லை. ஆசிரியப் பகுதி உள்ளடக்கத்தின் தலைவர் என்றுதான் பதவிப் பெயர். ஆக, குடும்பமும் உதவுகிறது, நாற்காலியும் சுருங்குகிறது. மறுபக்கம் எட்வர்டு எனின்ஃபுல் இருக்கிறார். கானாவில் பிறந்து, சிறுவயதில் லண்டனுக்குக் குடிபெயர்ந்து, தையல் தொழில் செய்த தாயிடம் துணியைக் கற்றவர். பதினெட்டு வயதில் ஐ-டி (i-D) என்ற பிரிட்டிஷ் ஃபேஷன் இதழின் ஃபேஷன் பொறுப்பை ஏற்று, 2017இல் பிரிட்டிஷ் வோக் இதழின் ஆசிரியரானார். ஓவர்லாக் தையல் இயந்திரச் சத்தத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அலைபேசித் திரையில் வைக்க இவர் படம் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குக் காரணமும் உண்டு. அன்று உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, கோடைக்கால ஆடைகள் பற்றி ஒரு பழைய இதழில் வந்த நான்கு பக்கக் கட்டுரையை அவளிடம் கொடுத்து, இரண்டு பக்கமாகக் குறைக்கச் சொன்னேன். இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் அழகான வரிகளை வைத்துக்கொண்டு தகவலை வெட்டிவிடுவார்கள். இவள் முதல் பத்தி முழுவதையும் பென்சிலால் அடித்தாள். பிறகு ஒரு படத்தருகே நிறுத்தி, ஓரத்தில் எழுதினாள்: "லினன் என்று போட்டிருக்கிறது, இது ஸ்லப் காட்டன் நிட், தையலைப் பார்த்தாலே தெரியும்." அது லினன் அல்ல, பருத்திப் பின்னல் துணி என்பது எனக்குத் தெரியவில்லை; அவளுக்குத் தெரிந்தது. அவள் எழுத்து இன்னும் பக்குவப்படவில்லை, வாக்கியத்துக்கு வாக்கியம் ஒற்றுப்பிழை. அது பழக்கத்தில் சரியாகும். அந்தப் பென்சில் பழக்கத்தில் வருவதில்லை.

வழிகள் பல உண்டு, எல்லாவற்றையும் அடுக்கிக் குழப்ப விரும்பவில்லை. சென்னைத் தரமணியில் உள்ள நிஃப்ட் (NIFT) என்ற தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஃபேஷன் கம்யூனிகேஷன் நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வில் பொது அறிவோடு படைப்புத்திறனையும் சோதிப்பார்கள். செலவு லட்சங்களில் போகும். எனக்கு அதைவிட இன்னொரு வழி பிடிக்கிறது. கோவையிலோ சென்னையிலோ ஒரு நல்ல கல்லூரியில் தமிழோ ஆங்கிலமோ பொருளாதாரமோ இளங்கலை படித்துக்கொண்டே, விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்ற ஒன்றில் சேர்ந்து களத்தில் எழுதிப் பழகட்டும். பட்டம் முடித்த பிறகும் ஆர்வம் இருந்தால், சென்னையில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தின் ஓராண்டு முதுநிலைப் பட்டயத்துக்கு முயலலாம். மனம் மாறினாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும். நீங்கள் விரும்பிய வணிகவியல்கூட இதற்குத் தடையல்ல. பட்ஜெட் படிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் குறைவு.

சம்பளத்தைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சீசனில் ஓவர்டைம் பார்க்கும் உங்கள் டெய்லர் வாங்குவதைவிட அவளுடைய முதல் சம்பளம் குறைவாக இருக்கலாம். தமிழில் அச்சிதழ்களும் குறைந்துவருகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் கல்கியே அச்சிலிருந்து மின்னிதழுக்கு மாறியது. எனவே எழுத்தோடு படம் எடுக்கவும், சிறு காணொளி தொகுக்கவும், இணையப் பக்கத்தை ஏற்றவும் அவள் கற்றாக வேண்டும்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். உங்கள் கம்பெனியில் கட்டிங் மேசை முதல் பேக்கிங் வரை ஒரு சட்டை போகும் பாதையை, எட்டுப் பக்கச் சிற்றிதழாக, படத்தோடும் தலைப்போடும் அவளே தயாரிக்க வேண்டும். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு வாரம் அவளை ஃப்ளோரில் சுற்ற விடுவதும், யாரிடம் என்ன கேட்டாலும் தடுக்காமல் இருப்பதும்தான். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, அந்த எட்டுப் பக்கத்தோடு இருவரும் வாருங்கள். எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் என்பதை அதைப் படித்துவிட்டு முடிவு செய்வோம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்