பக்கத்துத் தோட்டத்து சில்வர் ஓக் சாய்கிறது, நானே வெட்டலாமா? (ஏற்காடு)

கிளை முறிந்து ஓடு உடைந்துவிட்டது, மரமும் வீட்டுப் பக்கம் சாய்கிறது என்கிறீர்கள். நீங்களே கோடாலி வைக்காதீர்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் (1955) இருக்கிறது; அனுமதியில்லாமல் வெட்டினால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

ஓடு மாற்றும் முன் படம் எடுங்கள். வேரடியில் மண் வெடிப்பு, சாய்வு, எல்லைக்கல் மூன்றும் ஒரே படத்தில் தெரியட்டும். கொத்தனாரிடம் கையெழுத்தோடு செலவுக் கணக்கு. அப்புறம் தோட்டத்து உரிமையாளருக்கு வக்கீல் நோட்டீஸ், ஒப்புகைச் சீட்டோடு.

அவர் அசையாவிட்டால் சேலம் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-ஆம் பிரிவின் கீழ் மனு. விழப்போகும் மரத்தை அகற்றச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. ஆள் மேல் விழும் என்பதை அழுத்தி எழுதுங்கள். ஓடு உடைந்ததை மட்டும் சொன்னால், 'சிவில் தகராறு, கோர்ட்டுக்குப் போ' என்பார்கள். நஷ்டஈட்டுக்கு எப்படியும் சிவில் கோர்ட்தான், 3 வருடத்துக்குள்.