டிராப் டியூப்: வெட்டும் முன் கேட்டவை

கேள்வி: பங்கின் நிலத்தடி டேங்க்கில் பெட்ரோல் இறக்கும் ஃபில் பைப்புக்குள், கிட்டத்தட்ட டேங்க்கின் அடிவரை தொங்கும் இந்த டிராப் டியூப் எதற்கு சார்? அது இல்லாவிட்டாலும் பெட்ரோல் டேங்க்குக்குள்தானே விழப்போகிறது?

பதில்: விழும், சிதறிக்கொண்டு விழும். சிதறினால் ஆவி கிளம்பும், நிலைமின்சாரமும் சேரும். குழாயின் வாய் எரிபொருளுக்குள் மூழ்கியிருந்தால் இரண்டும் குறையும். காலி டேங்க்கில் வாய் மூழ்கும்வரை நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு மேல் இறக்கக்கூடாது என்பதும் இதனால்தான்.

கேள்வி: அடியிலிருந்து 15 செ.மீ. விடச் சொல்கிறார்கள். முனையை 45 டிகிரி சாய்வாக வெட்டினால் எந்தப் பக்கத்திலிருந்து 15?

பதில்: பலர் தப்பு பண்ணும் இடம் இது. சாய்வின் மேல் விளிம்பிலிருந்து எடுங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 45 டிகிரி வெட்டினால் இரு விளிம்புக்கும் 10 செ.மீ. வித்தியாசம். மேல் விளிம்பு 15-இல் நின்றால் கீழ்நுனி 5-இல் நிற்கும். நுனியிலிருந்து 15 வைத்தால் மேல் விளிம்பு 25-க்குப் போய்விடும். இருப்பு குறைந்ததும் வாய் வெளியே தெரியும், மூடியைத் திறந்தால் ஆவி நேராக மேலே வரும். சரி, சாய்வு எதற்கு? குழாய் தவறி அடியில் உட்கார்ந்தாலும் வாய் அடைபடாது.

நீளத்தை டிப் ராடால் (டேங்க்கில் இறக்கி ஆழம் பார்க்கும் அளவுகோல்) எடுங்கள்: டேங்க்கின் அடியிலிருந்து, டியூபின் தலைப்பகுதி உட்காரும் ரைசரின் (டேங்க்கிலிருந்து மேலே வரும் குழாய்) மேல்முனை வரை. கேஸ்கெட் தடிமனை மறக்காதீர்கள். ஒருமுறை வரிசையாக மூன்று டேங்க். ஒன்றை மட்டும் அளந்து மூன்றுக்கும் வெட்டினேன். மூன்றாவது டேங்க் சற்று ஆழமாகப் புதைந்திருந்தது. வெட்டிய குழாயை இழுத்தா நீட்ட முடியும்? புதிதாக வாங்கினேன், என் கைக்காசு.

கேள்வி: டேங்க் பக்கத்திலேயே வைத்து அறுக்கலாமா?

பதில்: கூடாது. தள்ளிக் கொண்டுபோய் அறுங்கள். பிசிறை அரத்தால் நீக்கி, உள்ளும் புறமும் துடைத்த பிறகே இறக்குங்கள்.

கேள்வி: ஓவர்ஃபில் வால்வு (டேங்க் நிரம்பி வழியாமல் அடைக்கும் வால்வு) உள்ள டியூப். டேங்க் 2 மீட்டர் விட்டம், படுக்கை வசம். 95 சதவீதத்தில் அடைக்க 1.9 மீட்டர் உயரம் சரிதானே?

பதில்: இல்லை. உருளையைப் படுக்கவைத்தால் மேலே குறுகிக்கொண்டே போகும். 95 சதவீதக் கொள்ளளவு ஏறக்குறைய 1.8 மீட்டரிலேயே வந்துவிடும். 1.9-இல் வைத்தால் 98 சதவீதத்தையும் தாண்டிவிடும். டேங்க் சார்ட்டை (எந்த உயரத்துக்கு எவ்வளவு கொள்ளளவு என்ற அட்டவணை) பார்த்து உயரம் எடுங்கள். வால்வுக்கு மேலே வரும் குழாயை அதன்படி வெட்டுங்கள். கையேட்டில் தயாரிப்பாளர் கொடுத்த கழித்தல் கணக்கை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: புது டியூப் போட்ட பிறகு டிப் அளவு கூடுதலாகக் காட்டுகிறதே?

பதில்: டியூப் நன்றாக இறுகியிருக்கிறது என்று அர்த்தம். டேங்க்குக்குள் ஆவி அழுத்தம் கொஞ்சம் இருந்தால், மூடியைத் திறந்ததும் அது எரிபொருளைக் குழாய்க்குள் மேலே தள்ளும். 1 கிலோபாஸ்கல் போதும், பெட்ரோல் சுமார் 14 செ.மீ. ஏறிவிடும். அழுத்தம் இறங்கிய பிறகு மறுபடி டிப் போடுங்கள். அளவு கூடுகிறதே என்று டியூபில் ஓட்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஆவி அந்த வழியாகத்தான் வரும்.