வலிப்பே இல்லாத அப்பாவுக்கு ஏன் வலிப்புக் குளிசை?

கேள்வி இதுதான்: “அப்பாவுக்கு 2009 இல் செல் பட்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது சலரோகமும் இருக்கிறது. இல்லாத காலும் எரிகிறது, இருக்கிற காலும் எரிகிறது என்கிறார். கிளினிக்கில் கபாபென்டின் 300 தந்தார்கள். இணையத்தில் தேடினால் அது வலிப்பு மருந்து என்று வருகிறது. அவருக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. மாறித் தந்துவிட்டார்களா? நிறுத்தலாமா?”

மாறித் தரவில்லை. நிறுத்தவும் வேண்டாம். நிறுத்துவதென்றாலும் அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும், ஏனென்று கீழே வருகிறது.

நான் டொக்டர் இல்லை. கிளிநொச்சியில் ஒரு மருந்துக்கடையில் துண்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள். கிளினிக் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் சனம் வந்து கேட்கிற கேள்விகளில் இது முன்வரிசையில் நிற்கும். வீட்டிலும் சித்தப்பா இதே குளிசைதான் எடுக்கிறார், அவருக்கும் ஒரு கால் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வலியைப் பற்றி. மண்வெட்டி பட்டுக் கால் வெட்டுப்பட்டால் வருவது ஒரு வலி. அங்கே தசை காயப்பட்டு வீங்குகிறது, நரம்பு அந்தச் செய்தியை மூளைக்குச் சரியாகக் கொண்டுபோகிறது. பனடோலும் டைக்ளோபினாக்கும் கேட்பது அதற்குத்தான். இன்னொரு வலியில் காயப்பட்டது நரம்பே. பாதத்தில் ஒன்றும் நடக்காமலே அது செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். சலரோகம் நாள்பட்டால் பாத நரம்புகள் பழுதாகி இப்படி ஆகும். கால் எடுத்த இடத்தில் வெட்டுப்பட்ட நரம்பின் நுனி சிறு கட்டியாக வளர்ந்து தன்பாட்டில் துடிக்கும். உடம்பில் சன்னம் இருந்து நரம்பை அழுத்தினாலும் இதே கதைதான். கிளினிக்கில் “எப்பிடி நோகுது?” என்று கேட்பது சும்மா இல்லை. “கரண்ட் அடிக்குது, ஊசி குத்துது, எரியுது, விறைக்குது” என்று சொன்னால் டொக்டருக்கு யோசனை நரம்புப் பக்கம் போகும். “நோகுது” என்று மட்டும் சொன்னால் பனடோலோடு திரும்பி வருவீர்கள்.

இல்லாத கால் நோகும் என்பதைச் சொல்லவே வெட்கப்படுகிறவர்கள் உண்டு. விசர் என்று நினைப்பார்களோ என்ற பயம். சித்தப்பா சில இரவுகளில் எழும்பி இருந்து, பாதம் இருந்த இடத்தில் பெட்சீற்றைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருப்பார். பெருவிரல் மடங்கிக் கிடக்குது, நிமிர்த்த ஏலாமல் இருக்குது என்பார். அது மனப் பிரமை இல்லை. கால் போனாலும் அந்தக் காலுக்கென்று மூளையிலும் முள்ளந்தண்டிலும் இருக்கிற இடம் அப்படியே இருக்கிறது, வெட்டுப்பட்ட நரம்பும் அங்கே செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

இனி மருந்து. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்வது இரசாயனம் மூலம். நரம்பின் நுனிக்கு மின்துடிப்பு வந்ததும் அங்கே கல்சியத்துக்கான வாசல்கள் திறக்கும். கல்சியம் உள்ளே போனால்தான் குளுட்டமேட் போன்ற இரசாயனங்கள் வெளியே கொட்டும், அடுத்த நரம்பு துடிக்கும். இந்த வாசல்களை நரம்பின் நுனிவரை கொண்டுபோய்ச் சேர்க்க அல்பா-2-டெல்டா என்ற ஒரு புரதம் உதவுகிறது. நரம்பு காயப்பட்டால் உடம்பு இந்தப் புரதத்தை அளவுக்கு மிஞ்சிச் செய்கிறது. வாசல் கூடுகிறது, கொட்டுகிற இரசாயனமும் கூடுகிறது, சின்னத் துடிப்பும் பெரிய எரிச்சலாகிறது.

கபாபென்டின் போய் ஒட்டிக்கொள்வது அந்தப் புரதத்தில். இரணைமடுக் குளத்தில் துருசை, அதாவது தண்ணி திறந்துவிடும் மதகை, பூட்டினால் வயலுக்கு ஒரு சொட்டும் போகாது. இந்த மருந்து அப்படிப் பூட்டுவதில்லை, தேவைக்கு மேல் புதுத் துருசுகள் பொருத்தப்படுவதைக் குறைக்கிறது. அதனால்தான் இதை எடுத்தால் கால் மரத்துப் போவதில்லை. முள் குத்தினால் தெரியும், சுடுதண்ணி பட்டால் சுடும். பல்லு நோவுக்கும் சாதாரண முதுகு நோவுக்கும் இது பெரிதாகக் கேட்காததற்கும் இதுவே காரணம். அங்கே கூடிப்போன வாசல்கள் இல்லை. நாற்று நட்டு முதுகு நொந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்பாவின் குளிசையில் ஒன்றைக் கொடுப்பதில் பிரயோசனம் இல்லை, தலைச்சுற்றுத்தான் மிச்சம்.

வலிப்புக்கு வருவோம். மூளையின் ஒரு பகுதியில் நரம்புக் கலங்கள் கூட்டமாக, கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் துடித்தால் அதுதான் வலிப்பு. அங்கேயும் கொட்டுகிற இரசாயனத்தைக் குறைத்தால் கூட்டத் துடிப்பு அடங்கும். காலில் எரிச்சலும் மூளையில் வலிப்பும் எங்களுக்கு இரண்டு வருத்தம், நரம்புக்கு ஒரே குழப்படி. ஆனால் எல்லா வலிப்புக்கும் இது சரிவராது. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்கு, வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதுதான் வழமை. பிள்ளைகள் சில விநாடி வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடும் வலிப்பு வகையை இது கூட்டவும் கூடும். ஆகவே வீட்டில் வலிப்பு உள்ள பிள்ளை இருந்தால் இந்தப் போத்தலை எட்டாத இடத்தில் வையுங்கள்.

இதன் கதையில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற இரசாயனத்தைப் போலவே ஒன்றைச் செய்யப் பார்த்துத்தான் 1970களில் ஜெர்மனியில் இதை உருவாக்கினார்கள். பெயரிலும் அந்தக் காபா இருக்கிறது. ஆனால் காபா வேலை செய்யும் இடங்களில் இது ஒட்டுவதே இல்லை. 1993 இல் அமெரிக்காவில் வலிப்புக்கு அனுமதி கிடைத்துச் சனம் விழுங்கத் தொடங்கிவிட்டது. உண்மையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று பன்றி மூளையை வைத்துக் கண்டுபிடித்தது 1996 இல். அக்கி வந்து மாறிய பிறகு நிற்கும் நரம்பு வலிக்கு அமெரிக்காவில் 2002 இல் அனுமதி வந்தது. இடையில், அனுமதி இல்லாத வருத்தங்களுக்கெல்லாம் இதைத் தள்ளி விற்ற வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் 2004 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது; அந்த வழக்குகளைத் தீர்க்க 43 கோடி டொலர் கட்ட வேண்டி வந்தது. நல்ல மருந்துதான், ஆனால் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை.

எவ்வளவு கேட்கும்? இதில் பொய் நம்பிக்கை தர விருப்பமில்லை. சலரோக நரம்பு வலி உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், போதிய அளவு எடுத்த நூறு பேரில் 38 பேருக்கு வலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருக்கிறது. மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 21 பேருக்கும் அப்படிக் குறைந்தது. இல்லாத காலின் வலிக்கு ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண். சித்தப்பாவுக்கு எரிவு முழுதாகப் போகவில்லை, ஆனால் நித்திரை கொள்கிறார். அதுவே எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

நான் கடையில் திரும்பத் திரும்பக் காண்பது, இதைப் பனடோல் மாதிரி எடுப்பது. நோகும் நாளில் ஒன்று, நோகாத நாளில் ஒன்றுமில்லை. இது அப்படி வேலை செய்யாது. இரத்தத்தில் இதன் அளவு ஐந்து தொடக்கம் ஏழு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் மூன்று வேளை. விடிய வயலுக்குப் போகமுதல் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டோடு ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் எடுக்கலாம், அடுத்த வேளை கிட்டவென்றால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாக எடுக்க வேண்டாம். இரட்டிப்பதில் லாபமும் இல்லை: குடலில் இதை உள்ளே எடுக்கும் வழி குறுகியது. நாளுக்கு 900 மில்லிகிராமை மூன்றாகப் பிரித்து எடுத்தால் 60 வீதமளவு உடம்பில் சேரும். 3600 எடுத்தால் சேர்வது 33 வீதம்தான். டொக்டர் சின்ன அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார். ஒரு கிழமையில் “கேக்கேல்லை” என்று கைவிடாதீர்கள், அளவு கூட்டி முடியவே சில கிழமை போகும். வயிற்றெரிவுக்கு அலுமினியம், மக்னீசியம் கலந்த பாணியோ குளிசையோ எடுப்பவரென்றால், அது குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்து இதை எடுக்க வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு கொம்பனிக்கும் குளிசையின் நிறம் மாறும். நிறத்தைப் பார்க்காமல் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள்.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் என்னை யோசிக்க வைப்பது சிறுநீரகம். இந்த மருந்தை ஈரல் தொடுவதே இல்லை. போனபடியே சிறுநீரால் வெளியே வருகிறது. சிறுநீரகம் பழுதென்றால் வெளியேறாமல் தேங்கும், 300 எடுத்தவருக்கு அதைவிடப் பல மடங்கு எடுத்த மாதிரி ஆகும்: மயக்கம், தள்ளாட்டம், கதை குழறுவது. சலரோகம் நாள்பட்டால் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பது தெரிந்ததே. அதற்கு மேல், வட மத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் இருக்கிறது. அப்பாவுக்குக் கடைசியாகக் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) எப்போது பார்த்தார்கள் என்று கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். கிட்டடியில் இல்லையென்றால் கேட்டு எடுப்பியுங்கள். கூடியிருந்தால் மருந்தை நிறுத்தத்தான் வேண்டுமென்றில்லை, அளவைக் குறைப்பார்கள்.

தொடக்கத்தில் தலைச்சுற்றும் நித்திரைத் தூக்கமும் வருவது சாதாரணம். ஆனால் பொய்க்கால் போட்டவருக்குத் தலைச்சுற்று சாதாரணம் இல்லை. கிணற்றடிச் சீமெந்தில் பாசி, இரவில் வெளியே கக்கூசுக்குப் போகும் வழி, இவற்றை முதல் இரண்டு கிழமைக்குக் கவனியுங்கள். அளவு உடம்புக்குப் பழகும்வரை மோட்டார் சைக்கிளும் லாண்ட்மாஸ்டரும் வேண்டாம். கணுக்கால் வீங்கலாம், உடம்பு கொஞ்சம் வைக்கலாம். கள்ளு, சாராயம் இதோடு சேரக்கூடாது. டிரமடோல் போன்ற கடும் வலிநிவாரணி ஏதும் எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019 இல் இதற்கெனத் தனி எச்சரிக்கையே விட்டது. மனம் சோர்ந்து, சாக வேண்டும் என்ற கதை வாயில் வந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கூட்டிக்கொண்டு போங்கள். எல்லா வலிப்பு மருந்துகளுக்கும் அரிதாக அந்த ஆபத்து உண்டு.

பிரிகபலின் என்பது இதன் தம்பி. அதே புரதத்தில்தான் ஒட்டும், ஆனால் குடலில் தங்குதடையின்றிச் சேரும். மன்னார்க் கரையில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டதாகச் செய்தியில் வருகிற “போதைக் குளிசை” பெரும்பாலும் இதுதான். அதனால் துண்டு இல்லாமல் வந்து கேட்டால் நாங்கள் இரண்டையும் கொடுக்க மாட்டோம், தெரிந்த ஆளென்றாலும் சரி. கோபிக்க வேண்டாம். துண்டோடு முறையாக எடுக்கிற அப்பாவுக்கு இந்தச் செய்திகளைக் கேட்டுக் கூச்சப்பட ஒன்றுமில்லை. நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் மனச்சோர்வு மருந்துதான், அதற்கும் இதே பயத்தோடு வருவார்கள்.

நிறுத்தும் விஷயம். மூன்று வேளை எடுத்து வந்ததைத் திடீரென்று விட்டால் வியர்வை, பதற்றம், நித்திரையின்மை, வலி முன்னையதை விடக் கூடுவது எல்லாம் வரும். வலிப்பு உள்ளவருக்கு வலிப்பே திரும்பும். வன்னியில் இதைக் கூடுதல் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலையில் சன்னத்தோடு இருப்பவர்களுக்கு, இதுவரை வலிப்பு வராவிட்டாலும், வரக்கூடிய வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். அப்பாவுக்குத் தலையிலும் காயம் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் கிளினிக்கில் அதையும் சொல்லுங்கள். விடுவதென்றால் குறைந்தது ஒரு கிழமை எடுத்து, படிப்படியாகக் குறைத்துத்தான் விடுவது. அவர் ஏற்கெனவே பயந்து சில நாள் எடுக்காமல் விட்டிருந்தால், பழைய முழு அளவை நாளைக்கே திரும்பத் தொடங்க வேண்டாம். கிளினிக் நாள் இல்லாவிட்டாலும் கொப்பியைக் கொண்டுபோய், எத்தனை நாள் விட்டார் என்பதை மறைக்காமல் சொல்லி, எந்த அளவில் தொடங்குவது என்று கேளுங்கள். கையோடு கிரியேட்டினினுக்கும் துண்டு எழுதி வாங்குங்கள்.