மீன் பையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 54. மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ நன்றாக இருக்கிறது, நடங்கள், வேலைக்குப் போங்கள் என்கிறார் டாக்டர். ஆனால் காலையில் கண் விழித்தால் எழுந்து உட்காரவே தோன்றுவதில்லை. மனைவி விரட்டினால் இரண்டு நாள் நடப்பேன், மூன்றாம் நாள் விட்டுவிடுவேன். ராத்திரி மாத்திரையைக்கூடச் சில நாள் அலுப்பில் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்குவது முப்பது வருஷப் பழக்கம். இப்போது மச்சான்தான் வாங்கி வருகிறார். உங்களுக்கும் இதே மாதிரி வந்து மீண்டதாக எழுதியிருந்தீர்கள். தினமும் எழுந்து நடமாட உங்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வந்தது?

ர., கடலூர்

அன்புள்ள ர.,

முதலில் மாத்திரை. எந்த மாத்திரையை விடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்ததாக இருந்தால், அதை ஒரு வேளைகூட விடாதீர்கள். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைத்த சின்னக் கம்பி வலை. குழாயின் உள்தோல் அதன்மேல் படர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் கம்பியில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இந்த விஷயத்தில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன், கெஞ்சித்தான் கேட்கிறேன். மாத்திரை டப்பாவை உங்கள் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. எனக்கு ஊக்கம் எங்கிருந்தும் வரவில்லை. ஏழு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரே வேலை, இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பார்ப்பதுதான். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் துடிப்பு கேட்கும். அது கேட்கக் கூடாது என்று வலது பக்கம் திரும்புவேன். கேட்காமல் போனதும், நின்றுவிட்டதோ என்று மறுபடி இடது பக்கம். இப்படியே விடியும். காலையில் எழ மனம் வராததைச் சோம்பல் என்று வீட்டில் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அது பயம் என்று பிடிபடவே எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஐம்பது வருஷம் கேள்வி கேட்காமல் உழைத்த உடம்பு ஒருநாள் கைவிட்டுவிட்டது. அதை எப்படி மறுபடி நம்புவது? ஒருமுறை ஏமாற்றியவருக்கு எடுத்த எடுப்பில் பெரிய தொகை கொடுக்க மாட்டோம் அல்லவா? பத்து ரூபாய் கைமாற்று கொடுப்போம். திருப்பித் தந்தால் அடுத்து இருபது. உடம்போடும் அப்படித்தான் பழக வேண்டியிருந்தது. உங்களுக்குக் குறைவது ஊக்கம் இல்லை, இந்த நம்பிக்கைதான் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது.

நான் செய்தது இதுதான். வீட்டுக்குப் பால் பாக்கெட் போடுவதை நிறுத்தச் சொன்னேன். இனி நான் போனால்தான் வீட்டில் காபி. பாண்லே பூத் எங்கள் தெருமுனை தாண்டி இருக்கிறது. முதல் நாள் பூத் வாசலில் நின்று வெகுநேரம் மூச்சு வாங்கினேன். மூச்சு வாங்கியது நெஞ்சால் இல்லை, பயத்தால். கையில் பாக்கெட் சில்லென்று இருந்தது. திரும்பும்போது பாதி வழியில்தான் கவனித்தேன், இரண்டு கையிலும் பால், நாடி பார்க்க விரல் இல்லை! அந்த ஐந்து நிமிஷம் இதயத்தை மறந்திருக்கிறேன். உடல்நலத்துக்காக நட என்றால் எனக்குக் கால் வரவில்லை. ஏனென்றால் அந்த நடையில் ஒவ்வோர் அடியும் நோயை நினைவுபடுத்தும். பாலுக்கு நடந்தபோது பால்தான் மனசில் இருந்தது.

கடற்கரைச் சாலை அப்புறம்தான். காலை ஏழரை வரை அங்கே வண்டி விடுவதில்லை, நமக்கு அது பெரிய வசதி. காந்தி சிலையிலிருந்து தொடங்கி, முதல் வாரம் பழைய கலங்கரை விளக்கத்தோடு திரும்பிவிடுவேன். வேகத்துக்கு டாக்டர் ஒரு அளவு சொன்னார்: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. நெஞ்சு இறுகினால் அங்கேயே உட்கார வேண்டும், நாக்குக்கு அடியில் மாத்திரை, ஐந்து நிமிஷத்தில் அடங்காவிட்டால் 108. இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டதே எனக்குப் பாதி தைரியம். உங்கள் டாக்டரிடம் உங்களுக்கான அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுத்தே இருந்தால் இதயத்துக்கு நல்லது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே அதைத்தான் சொன்னார்கள். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலைவிட்டு இறங்கவே விடமாட்டார்கள். 1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இரண்டு மருத்துவர்கள் 81 நோயாளிகளை முதல் நாட்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்ததை எழுதினார்கள். வெறும் நாற்காலிதான், ர.! எழுந்து உட்கார்ந்தவர்கள் உடம்பு மட்டுமல்ல, மனசும் தெளிந்தார்கள். அதற்கு மூன்று வருஷம் கழித்து அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அடுத்த வருஷமே தேர்தலில் நின்று ஜெயித்தார். காலையில் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றிய நாளை நீங்கள் வீண் நாளாகக் கணக்குப் போடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று முக்கியம். மாரடைப்புக்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வே ஒரு நோயாக வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் அசதி வரும். அவர் அளவை மாற்றித் தரலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது. நம் ஆண்கள் டாக்டரிடம் நெஞ்சுவலியைச் சொல்வார்கள், அழுகை வருவதைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு வலித்த வரி மீனைப் பற்றியது. பாசத்தால்தான் மச்சான் அந்தப் பையை வாங்கிக்கொண்டார், சந்தேகமில்லை. ஆனால் அதோடு உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டது. அவரிடம் பையைக் கேளுங்கள். இந்த வாரம் அவர் கூட வரட்டும், வண்டியை அவர் ஓட்டட்டும். கூட்டம் சேருவதற்குள் போய்விடுங்கள். விலை பேசுவது நீங்கள்தான். சங்கராவா மத்தியா என்று முடிவு செய்வதும் நீங்கள்தான். குழம்புக்கு வாங்குங்கள், வறுவல் இப்போதைக்கு வேண்டாம். செவுளை நீங்களே தூக்கிப் பாருங்கள். எத்தனை சிவப்பாக இருந்தது என்று திங்கட்கிழமை எனக்கு எழுதுங்கள்.